பதினேழாவது மணியைப் பேசவைத்தவர்

சோர்வறியாச் சோதனைப் பிரிவின் தலைவியே! பிட்டுக்குப் பிட்டு பார்த்துப் பிழை பிடிக்கும் பேரறிவே! முதலில் முதுகுக்குப் பின்னாலும் பிறகு துணிந்து முகத்துக்கு நேராகவும் நாங்கள் அழைத்த 'எத்தனை பிட்டு அக்கா'வே! வணக்கம், வணக்கம், பல்லாயிரம் வணக்கம்!

யார் எந்த நிரலைக் கொண்டுவந்து நீட்டினாலும், முழு எண்ணுக்கு இடம் ஒதுக்கும் 'இன்ட்டு' என்ற சொல்மேல் விரல் வைத்து, "இன்ட்டுன்னு போட்டிருக்கியே, எத்தனை பிட்டு?" என்பதே தங்கள் முதல் கேள்வி. தேநீர் நீட்டிய மேலாளரிடமும் பழக்கதோஷத்தில் அதையே கேட்டு, அவரைத் திருதிருவென்று விழிக்கவைத்த பெருமைக்குரியவரும் தாங்களே! நாங்கள் சிரித்தோம். அந்த மூச்சுக் கருவி வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தோம்.

மருத்துவமனைக்குச் செல்லவிருந்த அக்கருவியில் ஒவ்வோர் ஆபத்துக்கும் ஓர் எச்சரிக்கை மணி. ஒரே இன்ட்டுக்குள், அதன் சிறு கட்டங்களான பிட்டுகளில் மணிக்கு ஒன்றாக, ஆம்-இல்லை என்று குறித்துவைப்பது எங்கள் வழக்கம். நோயாளியின் குழாய் கழன்றால் ஒலிக்கும் மணியைக் கடைசியாக, பதினேழாவதாகச் சேர்த்தோம். மேசைக் கணினியில் கணீரென்று அடித்தது. கைகுலுக்கினோம், கையெழுத்திட்டோம், கருவிகளை வண்டியில் ஏற்றினோம். தாங்களோ வாசலில் வழிமறித்து, "ஏத்துனத எறக்குங்கப்பா! மேசையில அடிச்சா போதுமா? பெட்டிக்குள்ள இருக்கற சின்ன சிப்புல இன்ட்டு எத்தனை பிட்டு?" என்றீர்கள்.

"எல்லாம் ஒண்ணுதாங்க்கா," என்றார் எங்கள் மூத்த நிரலாளர். தாங்கள் ஒரு கருவியை இயக்கி, குழாயைப் பிடுங்கினீர்கள். ஐயோ, அந்த அமைதி! எங்கள் கணினியில் இன்ட்டுக்கு முப்பத்திரண்டு பிட். அந்தச் சிப்பிலோ பதினாறுதான். பதினேழாவது மணிக்கு அங்கே இடமே இல்லை. ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றாலும் பெட்டி வாயைத் திறந்திருக்காது. ஏற்றியதையெல்லாம் நாங்களே இறக்கினோம், அக்கா.

எத்தனை பிட்டு என்று பெயரிலேயே பறைசாற்றும் முப்பத்திரண்டு பிட் வகைக்கு அத்தனையையும் மாற்றவைத்தீர்கள். மறுபடி குழாயைப் பிடுங்கினீர்கள். மணி வீறிட்டதும், "அடிச்சிருச்சுடா!" என்று குதித்தீர்களே, அந்தக் குதியை மறப்போமா! வண்டி ஓட்டுநரும் காரணம் தெரியாமலே கூடச் சேர்ந்து குதித்தார். இன்று எங்கோ ஒரு வீட்டில் யாரோ நலமாகத் திரும்பி வந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார் என்றால், அந்தப் புண்ணியத்தில் தங்களுக்கும் பங்குண்டு.

நோய்நொடி அண்டாமல், நிறைந்த மகிழ்வோடு, நெடுங்காலம் வாழ்க! அவ்வாண்டுகளை எண்ணும் இன்ட்டு எத்தனை பிட்டு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்துவைத்திருக்கிறோம்.

அவையோரே, கைதட்டல் வேண்டாம். அன்று வண்டியிலிருந்து இறங்கிய கருவிகளில் ஒன்று இதோ மேடைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது. குழாயைக் கழற்றுகிறோம். கேளுங்கள், அக்கா!

தங்கள் கேள்விக்கு இன்றும் அஞ்சும்
நிரல் பிரிவினர், சோதனைப் பிரிவினர், வண்டி ஓட்டுநர்