கூனிப்பாறையின் நடுத்திட்டு

பாறை ஏறுகிற கயிற்றை வெயிலில் காயப்போடக் கூடாது, சார். பலரும் அந்தத் தவறைச் செய்கிறார்கள். வெயில் பட்டால் இழை உள்ளுக்குள் பொடிந்துபோகும். வெளியே பார்த்தால் புதுக்கயிறு போலவே இருக்கும். நான் வியாழக்கிழமை சாயங்காலமே எடுத்து, வீட்டுக்குள் இரண்டு கதவுகளுக்கு நடுவே தொங்கவிட்டு, முழம் முழமாக விரலால் தடவிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் வியாழக்கிழமையில்தான் இருக்கிறது.

நான் தமிழிலேயே சொல்கிறேன். எழுதுகிறவர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும். கடைசியில் வாசித்துக் காட்டினால் போதும்.

என் பெயர் சிபின். உதியன்குளங்கரை ஜங்ஷனில் ஒரு பெயின்ட் கடையில் நிறம் கலக்குகிறேன். அப்பா அருமநாயகம் நாலு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார். வலப்பக்கம் முழுவதும் விழுந்துபோயிற்று. காலையில் அவரைத் துடைத்துக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவேன், மதியம் வந்து புரட்டிப் படுக்கவைப்பேன், திரும்பவும் கடைக்குப் போவேன். சாலையில் எந்த இடத்தில் எந்தக் குழி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டுக் கார்த்தியாயினி அக்கா வந்து உட்காருவார். அந்த ஒரு நாளை நான் எப்படிச் செலவழிக்கிறேன் என்பது எனக்கு முக்கியம். இதை நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் நாலு பேர். நான், அஸ்வந்த், ஆட்டோ ஓட்டுகிற ஜெனில், நர்ஸாக இருக்கிற சுஜி. வெள்ளறடைப் பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு மேலே பாறைகள் உண்டு. சின்னப் பாறைகளில் கயிறு இல்லாமல், கீழே மெத்தை போட்டுவிட்டு ஏறுவோம். பெரியவற்றில் கயிறு வேண்டும். ஏறுகிறவன் இடுப்பில் ஒரு நுனி, கீழே நிற்கிறவன் கையில் மறு நுனி. அஸ்வந்த் ஏறுவான். நான் கீழே நிற்பேன். ஏழு வருடம் அப்படித்தான். ஜெனிலின் ஆட்டோவில் மெத்தைகளைக் கட்டுவது, யார் எத்தனை பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும், எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு நிழல் விழும், எல்லாம் நான்தான் வாட்ஸாப்பில் எழுதிப் போடுவேன். சுஜி கேலி செய்வாள், கல்யாணத்துக்குக்கூட ஒருத்தரும் இத்தனை லிஸ்ட் போடமாட்டார்கள் என்று.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு, இறங்கி வந்து சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது அஸ்வந்த் சொன்னான்.

"எலே சிபினே, வேலை கிட்டியாச்சு. பெங்களூருல பெரிய கிளைம்பிங் ஜிம்மாக்கும். சுவருல பிடி வச்சு புதுசு புதுசா வழி உண்டாக்கணும். அதுக்குச் சம்பளம் தருவினும்."

"எப்போ போவணும்?"

"அடுத்த மாசம். நீயும் வாலே. ஒனக்க அப்பாவுக்கு ஒரு ஹோம் நர்ஸை வச்சா போரும்."

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. ஒரு கதவு திறந்திருக்கிறது, வெளியே வா என்று சொல்வதைப் போலச் சொன்னான். எனக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் பார்க்கலாம் என்றேன். சாயாக் குவளைகளை நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஜெனிலுக்கு உயரம் பயம். சுஜிக்கு மாலத்தீவில் வேலைக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அஸ்வந்த் போனால் ஞாயிற்றுக்கிழமையும் கதவடைத்த அறைதான். யோசித்துப் பார்த்ததில், அவன் குறிப்பிட்ட நாளில் வேலையில் சேராவிட்டால் அந்த இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவனே சொன்னது ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிறு மதியம் திருவனந்தபுரத்தில் ரயில். ஆகவே ஞாயிறு மதியம் கடந்துவிட்டால் போதும். ஒரு நாள் விஷயம்.

கடைசிப் பயணம் என்று வாட்ஸாப்பில் எழுதினேன். எல்லோருக்கும் ஞாயிறு காலை என்று போட்டேன். அஸ்வந்திடம் மட்டும் தனியாக, சனிக்கிழமையே வந்துவிடு, கூனிப்பாறையில் ஒரு புதுவழிக்கு நாம் இரண்டு பேருமாக ஆணி அடித்து வைப்போம், அவர்களுக்குச் சொல்ல வேண்டாம், ஆச்சரியமாக இருக்கட்டும் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். ராத்திரி என் வீட்டிலேயே தங்கிவிட்டு, ஞாயிறு ஏறிவிட்டு, அப்படியே பைக்கில் ஸ்டேஷனுக்கு விடுகிறேன் என்றேன். அதனால் சனிக்கிழமை காலையிலேயே அதியன்னூர் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு பெட்டியோடு வந்துவிட்டான். அவன் அம்மா பிரேமகுமாரி ஒரு டப்பா நிறைய ஏத்தங்காய் உப்பேரி வறுத்துக் கொடுத்திருந்தார். பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் வைத்தோம்.

கூனிப்பாறையின் உச்சிக்குப் பின்பக்கமாக நடந்தே போகலாம். முன்பக்கம் செங்குத்து. உச்சியிலிருந்து இருபத்தைந்து அடி கீழே ஒரு திட்டு இருக்கிறது, கட்டில் அளவு. அதற்குக் கீழே அறுபது அடிக்குப் பாறை உள்வாங்கிப் போகும், இறங்க முடியாது. திட்டுக்கு மேலே உள்ள இருபத்தைந்து அடியில் பிடி என்று சொல்ல எதுவும் இல்லை. கயிற்றோடு அவன் ஒன்பது முறை முயன்று ஒன்பது முறையும் விழுந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் நான் பிடித்தேன்.

கயிற்றில் அவனைத் திட்டுக்கு இறக்கினேன். போன் விழுந்துவிடும் என்று எப்போதும் என் பையில்தான் போடுவான். இறங்கியதும், ட்ரில்லை அனுப்ப வேண்டும், கயிற்றை அவிழ்த்துவிடு என்றேன். அவிழ்த்துவிட்டான். நான் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டிக் கட்டினேன்.

"சிபினே, இஞ்ச ஒரு பை இருக்குதே. ஒனக்கயா?"

முந்தின நாளே மேலே மரத்தில் கயிறு கட்டி நான் இறங்கி வைத்த பை. எட்டு லிட்டர் தண்ணீர், பன், பழம், மேலே போட்டுக்கொள்ள ஒரு தார்ப்பாய். அவன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு நாளைக்கு உண்டு," என்றேன். "வண்டி போனதும் ஏத்துதேன்."

முதலில் சிரித்தான். பிறகு கயிற்றைப் போடச் சொன்னான். பிறகு கெட்ட வார்த்தை. கடைசியில், "எலே, எனக்கு இதுல ஒறங்க முடியாது, உருண்டு போவேன்," என்றான். அது நியாயமான கவலை. சுவரோரமாகப் படுக்கச் சொன்னேன். அப்பாவைப் புரட்டிப் போட வேண்டியிருந்தது, அதனால் கிளம்பினேன்.

ஞாயிறு காலை அவன் போனிலிருந்து சுஜிக்கும் ஜெனிலுக்கும் செய்தி அனுப்பினேன். அவன் மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பான், எனக்குப் பழக்கம். விடைசொல்லும்போது அழுதுவிடுவேன், அதனால் முன்னாடியே போகிறேன் என்று எழுதினேன். சுஜிக்குக் கண் கலங்கியது. கூனிப்பாறைக்குப் போவதற்கு மனமில்லை என்று சொல்லி, ஒரு கிலோமீட்டர் இந்தப் பக்கம் உள்ள முட்டைக்கல்லுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல காற்று. ஜெனில் முதல்முறையாக அதன் உச்சிக்கு ஏறினான். நாங்கள் கை தட்டினோம்.

பதினொரு மணி இருக்கும். சுஜி கை வழுக்காமலிருக்கப் பொடி பூசிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பினாள்.

"ஆரோ விளிக்குத மாதிரி இல்லியா?"

ஜெனிலும் காது கொடுத்தான். எனக்கு நன்றாகவே கேட்டது. சுஜியின் பெயரைத்தான் கூப்பிட்டான். காற்று அதைக் கொண்டுவந்து, பாதியில் விட்டுவிட்டது.

"மயிலாக்கும்," என்றேன். "தோட்டத்துல நெறைய உண்டு."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏறத் தொடங்கினாள். அவளைக் குற்றம் சொல்ல வேண்டாம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதியம் அவன் போனிலிருந்தே அவன் அம்மாவுக்கு, ரயில் ஏறிவிட்டேன், சார்ஜ் இல்லை, பிறகு கூப்பிடுகிறேன் என்று அனுப்பினேன். ஐந்து மணிக்குக் கூனிப்பாறைக்குப் போனேன். கயிறு கொண்டுபோயிருந்தேன். ஏற்றிவிடுவதுதான் திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"வண்டி போயாச்சு மக்கா," என்றேன்.

அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "சாரமில்ல, போனா போட்டு. நாளைக்கு விளிச்சுச் சொன்னா ஒரு வாரம் தருவினும். கயிறைப் போடு. ஒம்மேல கேஸும் கொடுக்கமாட்டேன். ஆனா நான் போவேன்."

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். ஏற்றிவிட்டால் அவன் போய்விடுவான். போனதோடு, நான் இப்படிச் செய்தவன் என்ற நினைப்பையும் கொண்டு போய்விடுவான். ஏற்றாமல் இருந்தால் அவன் அங்கே இருப்பான், நான் இங்கே. அந்தத் திட்டில் அவனுக்கு எத்தனை இடம் இருந்ததோ அத்தனைதான் எனக்கும் இருந்தது. காலையில் வாறேன், யோசித்து வை என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும் வழியில் மழை பிடித்தது. தார்ப்பாய் வைத்தது நல்லதாயிற்று என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடிந்து அரை மணி நேரத்தில் உச்சியில் இருந்தேன். எட்டிப் பார்த்தபோது திட்டு காலியாக இருந்தது. அவன் சுவரில் இருந்தான். விளிம்புக்கு நாலடி கீழே. பாறையில் இன்னும் ஈரம் இருந்தது. நகம் நுழையாத இடத்தில் விரல் நுனியை வைத்து, கன்னத்தைப் பாறையில் ஒட்டி, மூச்சை எண்ணி எண்ணி ஏறிக்கொண்டிருந்தான். அத்தனை அழகாக யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் கவனம் சிதறும்.

வலது கை விளிம்புக்கு மேலே வந்தது. பிறகு இடது கை. பிறகு முகம். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், "கயிறு," என்றான்.

கயிறு என் தோளில்தான் இருந்தது. நான் குனிந்து உட்கார்ந்தேன்.

"போவியா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். அவனுக்கு அது தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"போவேன் மக்கா."

நீங்கள் உங்கள் ஸ்டேஷன் ஃபைலில், துணை யாரும் இல்லாமல், அஜாக்கிரதையாகப் பாறை ஏறித் தவறி விழுந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். போனவாரம் அவன் அப்பா மோகனன் மாமா அதைப் படித்துவிட்டு, மகன் இத்தனை அவசரக்காரனா என்று என்னிடம் கேட்டு அழுதார். அதனால்தான் நான் வந்தேன். அவன் தவறவில்லை. அஜாக்கிரதையும் இல்லை. ஒருவரும் ஏறாத வழியை ஏறி முடித்துவிட்டான். இரண்டு கையும் மேலே இருந்தன. தள்ளினேன் என்றும் எழுதாதீர்கள். வலது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன், சுண்டுவிரலிலிருந்து. வலிக்காமல்தான் எடுத்தேன். இரண்டு நாள் தூங்காதவனுக்கு இடது கை மட்டும் போதவில்லை.

கீழே சுற்றிப் போய்ப் போனை அவன் பாக்கெட்டில் வைத்தேன், வீட்டிலிருந்து அவன் பெட்டியையும் கொண்டுவந்து பாறையடியில் வைத்தேன். திட்டில் இருந்த பையை இறங்கி எடுத்தேன். அது கடைக்குப் பின்னால், பழைய பெயின்ட் டின்களுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம். ஒன்பதரைக்குக் கடையைத் திறந்தேன். அவன் எனக்குச் சொல்லாமலே பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறான் என்று உங்களிடம் சொன்னது மட்டும்தான் பொய்.

அவனை வீட்டுக்குத் தென்புறத்தில் அடக்கியிருக்கிறார்கள். சாயங்காலம் கடை அடைத்ததும் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பிரேமகுமாரி அம்மா சாயா தருகிறார். என்னைப் போல ஒரு கூட்டுக்காரன் கிடைக்க அவன் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்கிறார். நான் மறுத்துப் பேசுவதில்லை. அவன் எங்கும் போகவில்லை, சார். நான் அவனிடம் கேட்டதும் அவ்வளவுதான்.