மந்தையம்மன் பேரில் ஒரு கணக்கு

— மந்தையம்மன் பேருலயா? ஏன் பூசாரியய்யா, படம் போட்டு வைக்கிற கணக்க உங்க பேருல தொறந்தா என்ன? பூசாரி ஈஸ்வரபாண்டின்னு போட்டா கம்ப்யூட்டரு கோவிச்சுக்கிருமா?

— சென்ற முறை என் தம்பி அருண்பாண்டி பேரில் திறந்து என்ன ஆயிற்று, அனுசுயா? தம்பி திருப்பூருக்குப் போனான். கடவுச்சொல்லும் அவனோடு போயிற்று. நான் பாடிய பதிகங்கள், திருவிழாப் படங்கள், ஒன்றும் மிஞ்சவில்லை. அவளுடைய பொருள் அவள் பேரிலேயே இருக்கட்டும்.

— சரி. உங்களுக்காகத்தான் செய்யிறேன், அவளுக்காக இல்ல. அத முதல்லயே சொல்லிப்புட்டேன்.

— அறிவேன். மூன்றாண்டாக நீ அவள் வாசற்படி மிதித்ததில்லை.

— எதுக்கு மிதிக்கணும்? ஒரு புள்ளையக் குடுன்னு பொங்க வச்சேன், தொட்டில் கட்டுனேன், மண்சோறு தின்னேன். பதில் உண்டா? எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. விடுங்க. என் கடைக்கு ஆளு வாரதுக்குள்ள முடிப்போம். நிபந்தனைன்னு நாப்பது பக்கம் காட்டுது. எல்லாரும் படிக்காமத்தான் ஓகே குடுக்காக. குடுத்துரவா?

— கொடு. காலையிலேயே பூக்கட்டிப் பார்த்துவிட்டேன். வெள்ளையும் சிவப்பும் பொட்டலம் கட்டி அவள் காலடியில் வைத்தேன், வெள்ளை வந்தது. சம்மதம்.

— நாப்பது பக்க இங்கிலீசையும் படிச்சுருச்சாக்கும்?

— அவள் அறியாத எழுத்து உண்டா?

— நான் எழுதிப் போட்ட வேண்டுதல் சீட்டுத்தான் வாசிக்கத் தெரியல போல. கடவுச்சொல்லு என்ன வைக்க?

— நீ திரும்பிக்கொள். நானே அடிக்கிறேன். அவளுடைய மூல மந்திரம். பிறர் காதில் விழலாகாது.

— அடிங்க. ஒரு நம்பரும் சேக்கணும்.

— மந்திரத்தில் எண்ணைச் சேர்ப்பதா?

— இல்லன்னா உங்க அம்மன் வெளிய நிக்க வேண்டியதுதான்.

— ... ஒன்று சேர்த்தேன். அவள் ஒருத்திதானே.

— பொறந்த தேதி கேக்குது.

— அவளுக்குப் பிறப்பேது? அநாதி.

— அநாதிக்கு இங்கன எடமில்ல. வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல இருந்துதான் ஆரம்பிக்குது.

— அப்படியானால் இப்போதைய திருமேனிக்குக் கண் திறந்த நாளை எழுது. கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள், தை மாதம்.

— அப்ப ரெண்டாயிரத்துப் பதினஞ்சு. போட்டாச்சு. அட! ஏங்க, ஒத்துக்கிற மாட்டேங்குது.

— என்ன குறை?

— வயசு பத்தலையாம். சின்னப் பிள்ளையாம். பெத்தவக அனுமதி இல்லாம கணக்குக் கெடையாதாம். பொறந்த வருசத்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுன்னு மாத்திப் போடவா?

— அம்மன் பேரில் பொய்யா? வேண்டாம். அது சொல்வதிலும் தவறில்லை. கோயிலின் மந்தை நிலத்து வழக்கில் வக்கீல் என்ன சொன்னார்? சட்டத்தின் கண்ணுக்குத் தெய்வம் என்றைக்குமே மைனர். காரியம் பார்க்கப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றாரே.

— அப்ப நீங்களே இருங்க.

— நான் அவளுக்கு ஏவல் செய்கிறவன். எசமானியை மகள் என்று எழுதக் கை வராது. தவிரவும், எனக்கு மின்னஞ்சல் கிடையாது. உனக்கு இருக்கிறது.

— வெளையாடுறீகளா? நான் அவளுக்கு ஆத்தாவா? புள்ளையே குடுக்காதவளுக்கு நான் ஆத்தாவா? வேற ஆளப் பாருங்க.

— வேறு ஆள் இல்லை. நாளை மறுநாள் கொடியேற்றம். எடுக்கிற படங்களை வைக்க இந்த போனில் எள் விழவும் இடமில்லை.

— ... போட்டுத் தொலையிறேன். அனுசுயா, மந்தையம்மனோட அம்மா. சந்தோசமா?

— அது யார் போன் ஒலிக்கிறது?

— என்னுதுதான்.

— யார்?

— அவதான்.

— எவள்? படி.

— ‘உங்கள் மகள் மந்தையம்மன் உங்களிடம் அனுமதி கேட்கிறாள்.’

— அமுக்க வேண்டியதுதானே?

— இருங்க. நான் எத்தன வருசம் கேட்டுக்கிட்டு நின்னேன். அவளும் செத்த நேரம் நிக்கட்டும்.

— நிற்கிறாளா?

— வட்டம் சுத்திக்கிட்டே நிக்கிறா.

— நெடுநேரம் ஆயிற்று, அனுசுயா.

— ம். குடுத்துட்டேன்.

— திறந்துவிட்டதா?

— தொறந்துருச்சு. இன்னொண்ணு கேக்குது. பிள்ளைய ராத்திரி எத்தன மணிக்குத் தூங்க வைக்கணுமுன்னு.

— எட்டரை என்று எழுது. நடை சாத்தும் நேரம் அதுதான்.

— எட்டரையா? பச்சப்புள்ளைய அம்புட்டு நேரமா முழிக்க வைப்பாக? எட்டுக்கே சாத்துங்க. விடிய நானே வந்து எழுப்பிக்கிறேன்.