பதினொரு பேர் வழிமொழிந்தார்கள்

அவைக்கு அழகு சேர்க்கும் ஆரப்பாளையம் வணிகர் நலச் சங்கத்தின் அன்புத் தலைவர் யூனுஸ் அவர்களே! முதுகுவலியையும் மறந்து மூன்று மணி நேரமாக முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! அடுப்பை அணைத்து, வீட்டைப் பூட்டி, அன்பொன்றையே எண்ணி வந்திருக்கும் அன்னையரே! இடமில்லாமல் கதவோரம் கால்கடுக்க நிற்கும் தோழர்களே! உங்கள் எல்லோர் மீதும் அமைதி உண்டாகட்டும். என் வணக்கம்.

எனக்கு முன்னால் ஒன்பது பேர் பேசிவிட்டார்கள். வீரமங்கை என்றார் ஒருவர். விண்ணை வென்றவள் என்றார் இன்னொருவர். ஐந்து மாலைகள் விழுந்தன. கழுத்து வலிக்கிறது. கழுத்தைவிட மனம் வலிக்கிறது. நான் மிகவும் களைத்துப் போயிருக்கிறேன், நண்பர்களே. அதனால் அலங்காரமாகப் பேசத் தெரிந்தும், இன்று முடியுமா என்று தெரியவில்லை.

இந்த ஊரின் பழைய தெருவில் பிறந்து வளர்ந்த ஷாஹீதா நான். மூன்று பேரைச் சுமந்து பூமியைச் சுற்றிய அந்த விண்கலத்துக்குத் தரையிலிருந்து கட்டளையிட்ட அறையில், அன்று தலைமை நாற்காலியில் இருந்தவள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். அதற்காகத்தான் இந்த விழாவும், எனக்கு நீங்கள் தர வந்திருக்கும் பட்டமும். ஆனால் அந்த மூவரையும் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். தயவுசெய்து கைதட்டாதீர்கள். இது கைதட்டுகிற இடமில்லை.

இரண்டாம் நாள் காலை, கலத்துக்குள் காற்று குறைய ஆரம்பித்தது. எங்கோ கசிகிறது. கலத்தில் இருந்த காற்றையும் அவர்கள் உடைக்குள் இருந்த காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், கசிகிற வேகத்தில் நான்கு மணி நேரம் தாங்கும். தரையிறங்கத் தோதான நேரம் வருவதற்கோ ஆறு மணி நேரம் ஆகும். நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் மூன்று உயிர்கள். ஓட்டை எங்கே? அதுதான் கேள்வி. அது ஒன்றுதான் கேள்வி.

நான் கேள்வியே கேட்கவில்லை. பதில் சொன்னேன். "கதவுதான்" என்றேன். கதவின் ரப்பர் வளையம் முன்பொரு சோதனையில் கசிந்தது. அதைச் சரிசெய்தவள் நான். எனக்குத் தெரியாததா? முப்பத்தொரு வருட அனுபவம் அல்லவா பேசுகிறது! பிறகு, எங்கள் அறையின் வழக்கப்படி, பதவி வரிசையில் ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். துணைத் தலைவர் எழுந்து, "மேடம் சொன்னதை வழிமொழிகிறேன்" என்றார். அடுத்தவர், "வழிமொழிகிறேன்." அதற்கடுத்தவர், "அப்படியே வழிமொழிகிறேன்." படித்த மேதைகள் பதினொரு பேர். பதினொரு வழிமொழிதல்கள். மேலே காற்று போய்க்கொண்டிருந்தது, நண்பர்களே! கீழே நாங்கள் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தோம்!

கலத்தின் தலைவர் செல்வக்குமாரின் குரல் வந்தது. "மேடம், கதவை மூணாவது தடவையா இறுக்கிட்டோம். காத்தழுத்த முள்ளு எறங்கிக்கிட்டேதான் இருக்கு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான்காவது முறை இறுக்குங்கள்" என்றேன். நாற்பது நிமிடம் இப்படியே போனது.

அப்போதுதான் கவனித்தேன். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். முத்திருளன். குழாய்களையும் வால்வுகளையும் கையால் பொருத்துகிற தொழில்நுட்பர். அவருடைய முறை வர இன்னும் ஏழு பேர் பேசியாக வேண்டும். நான் கூப்பிட்டேன்.

"அண்ணே, என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

"நீங்க எந்த ஊரு?"

"சோழவந்தான்ம்மா."

"நான் மதுரை. நம்மூருப் பேச்சுலயே சொல்லுங்க. நான் சொன்னது சரியா, தப்பா?"

"தப்புத்தாம்மா" என்றார். "அம்புட்டும் தப்பு."

அவர் நிறுத்தவில்லை. "கதவுல போகலம்மா. கழிவுத்தண்ணிய வெளிய தள்ளுற குழாய் இருக்குல்ல, அந்த வால்வுல போகுது. உள்ள தண்ணி நின்னு ஐஸாயிட்டா அது முழுசா மூடாது. ஆனா மூடிருச்சுன்னு வெளக்கு எரியும். டெஸ்ட்லயே பாத்தேன்."

"ஏன் எழுதலை?"

"எங்க ஆளுக அந்தக் கோளாறுப் படிவத்துல எழுதக் கூடாதும்மா. ஆபீசர்மார்தான் எழுதணும். அவுககிட்ட வாயால சொன்னேன்."

கேட்டீர்களா? எங்கள் ஒழுங்கு அவ்வளவு ஒழுங்கு! பார்த்தவர் எழுதக் கூடாது, எழுதுகிறவர் பார்த்ததில்லை.

"சரிண்ணே, இப்ப என்ன செய்ய? இன்னும் இறுக்கி மூடச் சொல்லவா?"

"ஐயையோ, இறுக்காதீக! எங்கூரு வெத்தலைக் கொடிக்கால் மோட்டார்ல கேட் வால்வுக்குள்ள மண்ணு மாட்டிக்கிட்டா, இறுக்கினா மூடுமா? ஒருக்கா நல்லாத் தெறந்துவிடணும். மண்ணை அடிச்சிட்டுப் போன பெறகுதான் மூடணும். இதையும் தெறக்கணும்மா."

திறப்பதாம்! கசிகிற கலத்தில், காற்றில்லாத வெளியைப் பார்த்து, வால்வை முழுதாகத் திறப்பதாம்! துணைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திறந்தால் இருபது நிமிடக் காற்று ஒரே மூச்சில் போய்விடும். ஐஸ் உடையாவிட்டால் போன காற்று போனதுதான். யாரைக் கேட்பது? கேட்க நேரமில்லை. தலைமை என்றால் என்ன என்று என்னைப் பல பத்திரிகைகள் கேட்டன. அந்த ஒரு நொடிதான் என் தலைமை, மற்றதெல்லாம் நாற்காலி. "முத்திருளன் அண்ணன் சொன்னபடி செய்யுங்கள். தவறானால் பொறுப்பு என்னுடையது" என்றேன். பயந்தேன். மிகவும் பயந்தேன்.

ஐஸ் இளகட்டும் என்று, சாப்பாட்டுக்கு வைத்திருந்த வெந்நீர்ப் பையை வால்வின் மேல் துணியால் இறுக்கிக் கட்டினார் செல்வக்குமார். பத்து நிமிடம் காத்திருந்தார். திறந்தார். முள் சரசரவென்று சரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மூடினார். முள் நின்றது. அப்படியே நின்றது! மிச்சமிருந்த காற்றை மூவரும் அசையாமல் படுத்துச் சிக்கனமாக மூச்சுவிட்டு, மீதி ஐந்து மணி நேரத்தைக் கடத்தினார்கள். தரை தொட்டபோது மிச்சமிருந்தது பதினொரு நிமிடக் காற்று. நான் வீணாக்கிய நாற்பது நிமிடம் இருந்திருந்தால் குறைந்தது ஐம்பத்தொன்று.

என்ன அண்ணே, பின்னாலிருந்து கேட்கிறீர்கள்? முத்திருளன் வந்திருக்கிறாரா என்றா? வரவில்லை. போன மாதம் பணி ஓய்வு பெற்றுவிட்டார். ஏன் வரவில்லை என்பதைச் சொல்கிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓர் ஆணை போட்டேன். இனி கடைசி வரிசைதான் முதலில் பேச வேண்டும். கடைநிலை ஊழியரும் படிவத்தில் எழுதலாம். நல்ல ஆணைதானே? அடுத்த மாதம் இன்னும் மூன்று பேர் மேலே போகிறார்கள். அதற்காகப் போன வாரம் ஒத்திகை நடந்தது. நான் வேண்டுமென்றே ஒரு தவறான முடிவைச் சொன்னேன். யாராவது மறுக்கிறார்களா என்று பார்க்க. ஆணைப்படி கடைசி வரிசை முதலில் எழுந்தது. "மேடம் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றது. பிறகு எல்லோரும் வழிமொழிந்தார்கள். ஒத்திகையில் அந்த மூன்று பேரும் செத்துப் போனார்கள். நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்று முத்திருளன் அண்ணனுக்குப் போன் செய்தேன். விழாவுக்கு வாருங்கள், பட்டத்தை நீங்கள்தான் வாங்க வேண்டும் என்றேன். அவர் சொன்னார்: "பட்டம் எதுக்கும்மா எனக்கு? நீங்க கேட்டீக, சொன்னேன். கேக்காம விட்டிருந்தா? நாப்பது நிமிசம் தெரிஞ்சே உக்காந்திருந்தேனேம்மா! அந்த மூணு பேரு மொகமும் டிவியில வாரப்பல்லாம் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

அவருக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் இருவரில் யார் வீரர், சொல்லுங்கள்? அவர் வாயைக் கட்டியது யார்? நான் கட்டினேன். பணிவு என்று பெயர் வைத்துக் கட்டினேன். மறுத்தவரை முகம் சுளித்துப் பார்த்துக் கட்டினேன். தலையாட்டியவரைத் தட்டிக்கொடுத்துக் கட்டினேன். முப்பத்தொரு வருடம் கட்டிய கட்டை ஓர் ஆணையில் அவிழ்த்துவிட முடியுமா?

ஆகவே தலைவர் யூனுஸ் அவர்களே, இந்தப் பட்டத்தை நான் வாங்கவில்லை. கோபமில்லை, மன்னியுங்கள். அடுத்த மாதப் பயணத்துக்கு நான் அந்த நாற்காலியில் உட்காரப் போவதும் இல்லை. இன்று காலைதான் எழுதிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்துப் பேச அஞ்சுகிற அறைக்கு நான் தலைவியாக இருந்தால், அந்த மூவருக்கு நான்தான் ஓட்டை. அவர்கள் பத்திரமாகத் திரும்ப வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும் தாய்மாருக்கும் தோழர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. போய் வருகிறேன். வணக்கம்.