எதிர்காற்றுக்கு ஒரு கியர்

திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். ராயபுரத்தில் சைக்கிள் வாங்கப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“எண்ணூர் ரோட்டுல மலையா கீது? இன்னாத்துக்குய்யா உனுக்கு கியர் சைக்கிளு?” என்று அந்த அம்மா கேட்டதும்தான் நான் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினேன்.

“மேடு இல்லமே. காத்து கீதே? சாய்ங்காலம் ரெண்டு பேரும் வேல வுட்டு வரச்சொல்ல மூஞ்சிலயே அடிக்குது.”

“அதுக்கு இருபத்தோரு கியரா?”

“அத்தினி வோணாம். நம்முளுது சமதரை. பின்சக்கரத்துல ஏழு இருந்தா போதும்.”

“இத்தினி வருசம் கியர் இல்லாமத்தான பெடல மெறிச்சே?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இப்போ முடியலமே. நீ பின்னாடி குந்திகினா எதிர்காத்துல மூச்சு வாங்குது. உன்ன எறங்கி நடன்னு சொல்ல மனசு வர்ல.”

அந்த அம்மா அவருடைய மடங்கிய காலரை நிமிர்த்திவிட்டார்.

ராயபுரத்தில் இறங்கும்போது அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“கியர் சைக்கிள்ல கேரியர் இருக்காதுய்யா. கடைக்காரன்கிட்ட சொல்லி தனியா மாட்டு. நல்லா கெட்டியா மாட்டச் சொல்லு.”