மாடிப்படியில் விழுந்த சொல்

பையன் போயிட்டான். சொல்லாம கொள்ளாம மாடி ரூமைப் பூட்டிட்டுப் போயிட்டான். அதுதான் நடந்த தப்பு. எழுதிக்கம்மா.

உக்காரு. அந்தச் சேர் ஆடாது. என்ன, ஆராய்ச்சியா? பசுமலையில தங்கிப் படிக்கிற புள்ளைக ஏன் ரூம் மாறுதுகன்னா? இதுக்கெல்லாம் டாக்டர் பட்டம் தர்றாய்ங்களா? சரி, கேளு.

அவன் போனதுக்குக் காரணம் வாடகை இல்ல. தண்ணியும் இல்ல, மோட்டார் நான்தான் போடுறேன். குறுக்க பேசாதம்மா, சொல்லிட்டுத்தான இருக்கேன்.

பேரு சித்தார்த். சமயநல்லூருக்கு அங்கிட்டு. எம்எஸ்ஸி. அவுக வீட்ல மொத மொத காலேஜ் வாசல மிதிச்சவன். ரூம் கேட்டு வந்தன்னிக்கு ஊரச் சொன்னான், நான் கேக்காமலே தெருவையும் சொன்னான். தெருவக் கேட்டுட்டு ரூம் இல்லன்னு அனுப்புன வீடு எத்தனையோ. நான் சாவியக் குடுத்தேன். அம்புட்டுதான். மாடி சும்மா கெடந்துச்சு.

மொதல்ல எல்லாம் படியில எறங்குறப்ப வாரேங்கய்யாம்பான். அப்புறம் அதுவும் நின்னுச்சு. படிக்குப் பக்கத்துலதான் எங்க அடுப்படி ஜன்னல். அங்கன வந்ததும் தலையக் குனிஞ்சுக்கிட்டு ஓடுவான். ஏன்டான்னு நான் கேக்கல. கேக்குற பழக்கமில்ல.

ஒருநா ரூம் பூட்டிக் கெடக்கு. ரூம விட்டுட்டு ஊர்லருந்தே பஸ்ஸுல வந்துபோயி, லேபுக்கு லேட்டாகி, படிப்பே வேணாம்னு வீட்ல உக்காந்துட்டானாம். யாரு சொன்னதுன்னா கேக்குற? அவங்கம்மா. பாய் தலகாணிய எடுத்துட்டுப் போக வந்துச்சு. கட்டித் தலையில வச்சுக்கிட்டு நேரா என் அடுப்படி வாசல்ல வந்து நின்னுச்சு. ஏன் பெரியவரே, எம்புள்ள படியேறும்போதும் எறங்கும்போதும் தூ தூன்னு துப்புறீகளாமே, அதுக்கு ரூமே குடுக்காம இருந்திருக்கலாம்லன்னு கேட்டுச்சு.

நானா? துப்புறதா?

எங்களுக்கு வீட்ல சௌராஷ்ட்ரா. தெருவுல தமிழு, அடுப்படியில எங்க பாஷை. அதுல தூன்னா நீ. நீ சாப்டியா, நீ பேசாம இரு, எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு தூ வரும். தமிழ்ல அது எச்சிலா இருந்தா நான் என்ன பண்றது?

இதத்தான் அந்தம்மாகிட்டயும் சொன்னேன். விடல. சரி, நீன்னு யாரச் சொன்னீக, எம்மகனையாங்குது. இல்லம்மா, எம் பொண்டாட்டி ராதாமணியத்தான்னேன். அப்ப அவுகளக் கூப்பிடுங்க, அவுக வாயால கேட்டுக்கிறேன்னுச்சு.

கூப்பிட்டா வர்ற ஆளா? செத்து நாலு வருசமாச்சு.

ஏன் எழுதுறத நிறுத்திட்ட? நான் வைக்கிற ரசத்துல உப்பு சரியான்னு வேற யாருகிட்டக் கேக்க?

அந்தம்மா என் அடுப்ப எட்டிப் பாத்துச்சு. அப்புறம், எங்க வீட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சுங்கய்யா, நானும் அடுப்பு முன்னாடி அந்தாள வஞ்சுக்கிட்டுத்தான் கெடக்கேன், என்ன, நான் தமிழ்ல வைவேன், எம்மகனுக்கு வெளங்கிரும்னுச்சு. சிரிச்சுச்சு. தலையில இருந்த பாய எறக்காமலே திரும்பி மாடி ஏறிருச்சு. மறுநா பையன் வந்துட்டான். பரீட்சைக்குப் படிக்கிறான், மேல போயித் தொந்தரவு பண்ணாத.

இதச் சரி பண்ணது யாருன்னு கேக்குறியா? அதான் சொன்னேனே, அவங்கம்மான்னு.

பேரு வேணுமா? ஒச்சம்மா.