லாரி போகட்டும்

எர்லிந்தா: அந்த இரும்பு மேசையில நான் மறுபடி படுக்க மாட்டேன், நிக்கோலாசாம்மா.

நிக்கோலாசா: படுக்கவே வேணாம்டி. ஆஸ்பத்திரியில இப்பல்லாம் கயிறு தொங்க விட்டிருக்காங்க. முட்டி போட்டு அதைப் பிடிச்சுக்கிட்டே புள்ள பெத்துக்கலாமாம். புது நர்ஸ் எங்கிட்டயே சொல்லுச்சு.

எர்லிந்தா: நீங்க எப்ப நர்ஸோட சிநேகிதம் ஆனீங்க? 'மருத்துவச்சி கையெல்லாம் அழுக்கு'ன்னு சொன்னவளை, சாணியை வாரி அடிப்பேன்னு குதிச்சீங்களே!

நிக்கோலாசா: அது பழைய நர்ஸ்... பேச்சை மாத்தாத. மூட்டையைக் கட்டு. சந்தை லாரி மேட்டுல திரும்பிருச்சு. இதை விட்டா அடுத்த வியாழக்கிழமைதான்.

எர்லிந்தா: சூப்பு கொதிக்குது. ஒரு வாய் குடிச்சுட்டு...

நிக்கோலாசா: உன் சூப்புக்கு லாரி நிக்குமா?

எர்லிந்தா: மூத்தவன் பொறந்தப்ப என்ன பண்ணாங்க? குளிருக்குப் போட்டிருந்த அஞ்சு பாவாடையையும் உருவிட்டு, சில்லுன்னு தண்ணி ஊத்துனாங்க. அவங்க ஸ்பானிஷ்ல கத்துறாங்க, எனக்கு நம்ம கெச்சுவா பாஷைய விட்டா ஒண்ணும் தெரியாது. பின்னால தாங்கிப் பிடிக்க வேண்டிய புருஷனை வாசல்லயே நிறுத்திட்டாங்க.

நிக்கோலாசா: தெரியும்.

எர்லிந்தா: நச்சுக்கொடியக் கேட்டா, குப்பையில போட்டாச்சுன்னாங்க! அடுப்புப் பக்கத்துல புதைக்காம... பையன் இன்னைக்கும் தூக்கத்துல அலறுறான்.

நிக்கோலாசா: நானும் கூட வரேன். கொடிய என் கையால வாங்கிக் கழுவிக் கொண்டாரேன். போதுமா?

எர்லிந்தா: பொண்ணு பொறந்தப்ப நீங்கதானே பாத்தீங்க? முதுகை நீவி விட்டு, நடுவுல ஊர்க்கதை வேற சொல்லி... வலியிலயும் சிரிச்சேனே!

நிக்கோலாசா: அது அப்ப.

எர்லிந்தா: இப்ப என்ன, வயசாயிருச்சா?

நிக்கோலாசா: ஆமா, ஆயிருச்சு. கிளம்பு.

எர்லிந்தா: பொய்! முந்தாநாள் தெரேசா புள்ளைய யாரு எடுத்தா?

நிக்கோலாசா: எர்லிந்தா... ஹார்ன் அடிக்கிறான் பாரு!

எர்லிந்தா: என் தொப்பியக் காணோமே...

நிக்கோலாசா: தலையில இருக்குடி!

எர்லிந்தா: அட, ஆமா... செருப்பு ஒண்ணு...

நிக்கோலாசா: ஏய், நில்லுப்பா! நில்லு! ஒரு ஆளு வருது... ஐயோ, போயிட்டானே.

எர்லிந்தா: போகட்டும். உக்காருங்க. இனி நீங்கதான் பாத்தாகணும்.

நிக்கோலாசா: என்னடி சிரிப்பு?

எர்லிந்தா: விடியறப்பவே பனிக்குடம் உடைஞ்சிருச்சும்மா. வலியும் விட்டு விட்டு வருது. சொன்னா லாரியில ஏத்திருவீங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்... கோவமா?

நிக்கோலாசா: உம் புருஷன் எங்க?

எர்லிந்தா: கிழங்கு தோண்டப் போயிருக்காரு. எதுக்கு?

நிக்கோலாசா: நான் கூப்பிடுறேன். நீ நடக்காத, அப்படியே படு. நாலு ஆளு கம்பளியில தூக்கிட்டு ஓடுனா, பொழுது சாயறதுக்குள்ள ஆஸ்பத்திரி போயிரலாம்.

எர்லிந்தா: என்னம்மா... என்ன ஆச்சு?

நிக்கோலாசா: புள்ள குறுக்கால கிடக்குடி. இடுப்பு வலிக்கு நல்லதுன்னு பொய் சொல்லி, மூணு தடவை உன்னைப் போர்வையில போட்டு ஆட்டிப் பாத்தேன். திரும்பல. புள்ளத்தாச்சி பயந்தா அந்தப் பயம் புள்ளையப் பிடிச்சுக்கும்னு வாயை மூடிக்கிட்டேன்... சொல்லியிருக்கணும். பாவி நான், போன வாரமே சொல்லியிருக்கணும்.