வந்து சேராத விருந்தாளி

நீர் இறைக்கும் பம்புகளால் நிலமெல்லாம் நனைக்கும் நிறுவனத்தின் அதிபர், இவ்விழாவின் தலைவர் சுந்தரராஜுலு அவர்களே! அவையை அலங்கரிக்கும் ஆன்றோர்களே! பட்டறையில் பத்து மணி நேரம் நின்று, அப்புறமும் என் வகுப்பில் அமர்ந்து, நார்வே வேலைக்குப் புறப்படுவதற்காக அந்நாட்டு மொழியை நாவில் ஏற்றிய பதினோரு பிட்டர்களே! அவர்களுக்காகச் சோற்றை மூடிவைத்துச் சோர்ந்து காத்திருந்த தாய்மார்களே! முதல் வரிசையில் அமர்ந்து மூன்றாம் முறையாகக் கைக்கடிகாரம் பார்க்கும், உக்கடம் இரும்புக் கடை அப்துல் கையூம் என்கிற என் கணவர் அவர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி நிலவுவதாக. சாஜிதா பேகத்தின் வணக்கம்.

என்ன? மைக்கை அருகில் வைக்க வேண்டுமா? மைக்கில் குறையில்லை ஐயா. ஐந்தாண்டாக ஒரு நாள் விடாமல் வகுப்பெடுத்த தொண்டையில்தான் குறை.

நார்வே மக்களின் கோடை வாழ்வைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எது கோடை? நமக்குக் கோடை என்றால் குடமும் கையுமாகக் குழாயடியில் நிற்பது. மாதக்கணக்கில் பனிக்குள் ஒடுங்கிக் கிடந்த அவர்களுக்கோ, ஒளி வந்து வாசலில் நிற்பது. என் கணவரின் மீன் ஆலை வேலைக்காக நாங்கள் ஏழாண்டு வாழ்ந்த வடகோடித் துறைமுகத்தில் ஜூன் மாதம் சூரியன் மறைவதே இல்லை. அவர்களின் தேசிய நாளான மே பதினேழில் கொடி பிடித்துக் குழந்தைகள் ஊர்வலம் வரும். ஜூன் கடைசியில் ஊரே கடற்கரையில் கூடி, நம் சொக்கப்பனை போலத் தீ மூட்டும். ஜூலை பிறந்தால் ஆலைகள் அடைபடும். மூன்று வாரம்! முதலாளியும் போவார், மீன் வெட்டுகிறவரும் போவார். எங்கே? கடலோரத்து மரக்குடிலுக்கு. அங்கே மின்சாரம் உண்டா? இல்லை. குழாய் உண்டா? இல்லை. ஓடையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, பாறைமேல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்.

பக்கத்து வீட்டில் ஆஸ்ட்ரித் என்று ஒரு தபால்காரப் பெண்மணி. ஆண்டுதோறும் எங்களைத் தன் குடிலுக்கு அழைப்பார். ஆண்டுதோறும் என் கணவர் என்னிடம், "அடுத்த வருசம் பாத்துக்கலாம் அம்மணி" என்பார். மூடிய மீன் ஆலையைக் கழுவிவிட ஆள் தேவைப்படும், இவர் போய்விடுவார். ஏழாம் ஆண்டு, ஊர் திரும்புமுன், நான் மட்டும் போனேன்.

போனவள் என்ன செய்தேன்? விருந்துக்குப் போன வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வழக்கம் நமக்கு உண்டா? பெருக்கினேன். துலக்கினேன். திரைச்சீலைகளை அவிழ்த்து ஓடையில் அலசினேன். இருட்டினால் வேலையை நிறுத்தலாம். அங்கே இருட்டவே இல்லை, நானும் நிறுத்தவே இல்லை!

மூன்றாம் நாள் ஆஸ்ட்ரித் ஒரு நோட்டை நீட்டினார். வந்து தங்கியவர்கள் தங்கள் நாள் எப்படிப் போனது என்று அதில் எழுத வேண்டும், அந்தக் குடில்களின் வழக்கம் அது. புரட்டிப் பார்த்தேன். "மழை. படுத்திருந்தேன்" என்று ஒருவர். "ஸ்ட்ராபெரி தின்றோம்" என்று இன்னொருவர். நான் எழுதினேன்: "திரைச்சீலை நான்கு, போர்வை ஆறு, பாத்திரம் பதினொன்று."

ஆஸ்ட்ரித் படித்தார். சிரிக்கவில்லை. "சாஜிதா, மூன்று நாளாக உனக்காகக் காத்திருக்கிறேன். நீ எப்போது வருவாய்?" என்று கேட்டார்.

நோட்டை மூடிவைத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். வெட்கமாக இருந்தது. இந்த ஐந்தாண்டும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தாய்மார்களே, நாம் எப்போது வருவோம்? சமையல் முடிந்தா? சலவை முடிந்தா? பிள்ளைகள் படித்து முடித்தா? பிட்டர்களே, நீங்களும் நார்வே போய் மூடிய ஆலையைத் தேடிப்பிடித்துக் கழுவப் போகிறீர்களா? அதற்கா நான் தொண்டை வற்றக் கத்தினேன்?

அடுத்த வகுப்பு நாளை மறுநாள், ஜூலை முதல் தேதி, திங்கட்கிழமை தொடங்கும் என்று தலைவர் சற்றுமுன் அறிவித்தார். நீங்கள் கைதட்டினீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கோபம் இல்லை ஐயா, கோபப்படவும் தெம்பில்லை. ஆனால் இந்த மேடையிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை வகுப்பு இல்லை. மூன்று வாரத்துக்கு வகுப்பே இல்லை! நார்வேக்காரர்களின் மொழியை எடுத்துக்கொண்டோம், அவர்களின் ஜூலையை யாருக்காக விட்டுவைத்தோம்? சத்தியமங்கலத்தில், பவானிக் கரையில், ஓர் அறை சொல்லிவைத்திருக்கிறேன். கரையில் ஒரு கல்லில் உட்காரப் போகிறேன். அது துணி துவைக்கும் கல்லாகவே இருந்தாலும், உட்கார மட்டும்தான் போகிறேன்!

முதல் வரிசையில் என்ன சலசலப்பு? என் கணவர் எழுந்து நிற்கிறார். கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். பின்வரிசைக்கு எட்டியிருக்காது, நானே சொல்கிறேன். "கடையச் சாத்திப்போட்டு நானும் வாரேன் அம்மணி" என்கிறார்.

பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த சொல் இது. கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறேன், பொறுங்கள்.

விருந்து முடிந்து புறப்படும்போது நார்வேயில் "தக் ஃபோர் மாய்" என்பார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி என்று பொருள். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், என் பதினோரு பேருக்கும், தக் ஃபோர் மாய்.

ஏனுங்க, அந்தக் கடிகாரத்த மட்டும் ஊட்டுலயே வெச்சுப்போட்டு வாங்க.

வணக்கம்.